பலா மிளகு, ஐந்நூறு மில்லி

மே 26, திங்கள்

சர்வர் காலையிலிருந்தே படுத்துவிட்டது. பத்திரம் பதிய வந்த முப்பது பேரும் சார்பதிவாளர் அலுவலக வாசலில் நின்றுகொண்டு என்னையே முறைத்தார்கள், ஏதோ நான்தான் பிளக்கைப் பிடுங்கிவிட்ட மாதிரி. இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். கையால் எழுதிய காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. மூன்று மணிக்கு மேசையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

வழியில் தயிர் வாங்க டிபார்ட்மென்ட் ஸ்டோருக்குள் போனேன். தயிர் இருக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் ஐஸ்கிரீம் பெட்டி. சும்மாதான் கண் போயிற்று. பனிமுகில் கம்பெனி டப்பா, மஞ்சள் நிறம், மேலே கறுப்பாகப் புள்ளி புள்ளி. ‘பலா மிளகு’ என்று போட்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பண்ருட்டியில் கொண்டுவந்து பலாப்பழ ஐஸ்கிரீம் விற்கிறார்கள்! இந்த மாதத்தில் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவனுக்கு ஊர்ப் பெயர்ப் பலகையே தேவையில்லை, மூக்கே சொல்லிவிடும். எந்த மகராசன் கண்டுபிடித்தான் என்று டப்பாவை எடுத்துத் திருப்பினேன். எழுத்து இருந்தால் படிக்காமல் கீழே வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ‘பால், பலாச்சுளைக் கூழ் 31%, சர்க்கரை, சுட்ட பலாக்கொட்டை, மிளகு, உப்பு.’

இன்னொரு தடவை படித்தேன். எங்கள் ஊரில் பலாச்சுளையைத் தேன் தொட்டுத் தின்பார்கள், பெரும்பாலும் சும்மாவே தின்பார்கள். வயிறு மந்திக்காமல் இருக்க மிளகுப்பொடியும் உப்பும் தூவி, ஓரத்தில் சுட்ட கொட்டையை நசுக்கி வைத்து, ஒரே தட்டில் கொடுக்கிற வீடு எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அந்தத் தட்டில் தின்று வளர்ந்த ஆள் இப்போது கோயம்புத்தூரில் ஓர் ஐஸ்கிரீம் கம்பெனியில் வேலை பார்க்கிறது.

“ஆன்ட்டி, எடுக்கறதுன்னா எடுங்க. இல்லைன்னா கதவை மூடுங்க, கூலிங் போவுது,” என்றாள் பில் போடுகிற ரெஜினா.

டப்பாவை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் தயிர் வாங்கவில்லை என்று தெரிந்தது.


மே 27, செவ்வாய்

இவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் காபி டம்ளரை வைத்துவிட்டு இவராகவே, “நம்ம ஊர் கடைக்கே வந்துடுச்சாம்ல,” என்றார்.

“எது?”

“அதான், அந்த ஐஸ்கிரீம்.”

“யார் சொன்னா?”

“பேப்பர்ல போட்டிருந்தான்.”

பேப்பர் என் கையில்தான் இருந்தது. கடைசிப் பக்கம் வரை படித்தாயிற்று, ஐஸ்கிரீம் என்ற பேச்சே அதில் இல்லை. இவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் பதினொரு மணிக்கு மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்கப் போகிறவர். அரை மணி நேரம் மட்டம் பார்ப்பார். போனையும் எடுத்துக்கொண்டுதான் பார்ப்பார். டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர் என்பதால் ஒரு ஞாயிறுகூட ஐந்து நிமிஷம் முன்பின் ஆனதில்லை. நான் எதுவும் கேட்பதில்லை. தொட்டி நிறைந்திருந்தால் சரி.

எப்படியானாலும் அந்த ஐஸ்கிரீமை நான் சாப்பிட முடியாது. போன நவம்பரில் காசிக்கும் கயாவுக்கும் போனோம். கயாவில் பிண்டம் வைத்து முடித்ததும், அட்சயவடம் என்கிற ஆலமரத்தடியில், முன்னோர்கள் பேரைச் சொல்லி ஒரு காய், ஒரு பழம், ஓர் இலையை ஆயுசுக்கும் விட்டுவிட வேண்டும். எங்கள் கூட்டத்தில் வந்தவர்கள் எல்லாரும் ரயிலிலேயே உட்கார்ந்து பேசி, எதை விட்டால் நஷ்டமில்லை என்று முடிவு பண்ணிவிட்டார்கள். இவர் கொத்தவரங்காயை விட்டார். கல்யாணம் ஆகி முப்பத்திரண்டு வருஷத்தில் இவர் கொத்தவரங்காயைத் தொட்டதே கிடையாது. பழத்தில் விளாம்பழம். அது இவருக்குப் பல் கூசும். முன்னோர்களுக்கே டிமிக்கி.

நானும் பேரிக்காய் என்று சொல்வதாகத்தான் இருந்தேன். ஐயர் அவசரப்படுத்தினார், பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள், வாயில் பலாப்பழம் என்று வந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. பண்ருட்டிக்காரி பலாப்பழத்தை விட்டாள் என்று எதிர்வீட்டு ஜெயக்கொடி இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.


மே 28, புதன்

மத்தியானம் இரண்டு பத்து. ஒரு தானப் பத்திரத்துக்கு நான்கு எல்லை எழுதிக்கொண்டிருந்தேன். போன் டிங் என்றது. பார்த்தால், சுகா!

சுகப்பிரியா. எங்களுக்கு ஒரே பெண். என்னோடு பேசி பத்தொன்பது மாதம் ஆகிறது. பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்து, எட்டு நாளில் கல்யாணம் என்றிருந்தபோது ‘எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்மா’ என்றாள். கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்றாள். ‘ஐஸ் விக்கறதுக்கா உன்ன ஃபுட் டெக்னாலஜி படிக்க வெச்சேன்?’ என்று கேட்டேன். இன்னும் சிலதும் கேட்டேன். அதையெல்லாம் இங்கே எழுதுவதாக இல்லை.

செய்தியை அப்படியே எழுதி வைக்கிறேன்: ‘அம்மா, பலா மிளகு நான் பண்ணது. தனியா நானே பண்ண முதல் ஃப்ளேவர். ட்ரயலுக்காக நம்ம ஜில்லால மட்டும் விட்டிருக்காங்க. ஜூன் 6 வெள்ளிக்கிழமை மீட்டிங். வெச்சுக்கறதா எடுத்துடறதான்னு அன்னிக்கு முடிவு பண்ணிடுவாங்க. அதுக்குள்ள நீ சாப்பிட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லணும். அப்பா சொல்லக் கூடாது. நீ.’

பத்து தடவை படித்திருப்பேன். ‘நீ’ என்று முடித்திருக்கிறாள் பாருங்கள். ‘எப்படிடி இருக்க’ என்று அடித்தேன், அழித்தேன். ‘சாப்பிடறியா’ என்று அடித்தேன், அழித்தேன். கடைசியில் ‘சரி’ என்று அனுப்பினேன். அனுப்பிவிட்டு வேலைக்குத் திரும்பினேன். தானப் பத்திரத்தில் வடக்கையும் கிழக்கையும் மாற்றி எழுதி, அந்த மனுஷனுடைய நிலத்தைப் பக்கத்து வீட்டுக் கிணற்றில் கொண்டுபோய்ப் போட்டிருந்தேன். நல்லவேளை, வரைவுதான்.

சாயங்காலம் கேசரி கிளறினேன். “என்ன விசேஷம்?” என்றார் இவர். “ரவை வண்டு வெச்சுடும் போல இருந்துது,” என்றேன்.


மே 29, வியாழன்

வழி கண்டுபிடித்துவிட்டேன்! நான் சாப்பிடக் கூடாது, அவ்வளவுதானே? மற்றவர்கள் சாப்பிடலாமே. சாட்சிகளை வைத்து வாக்குமூலம் வாங்கினால் போயிற்று. என் தொழிலே அதுதான்.

ஐந்நூறு மில்லி டப்பா ஒன்று வாங்கிவந்தேன். வேகாத வெயில். புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தேன். முதல் சாட்சி இவர். சர்க்கரை இருப்பதால் இரண்டு ஸ்பூன் என்று பேச்சு. ஐந்து சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, “அடடா,” என்றார். “அடடான்னா என்னங்க அர்த்தம்? விவரமா சொல்லுங்க,” என்று நோட்டும் கையுமாக நின்றேன். “அடடான்னா அடடாதான் கோமளா,” என்று ஆறாவது ஸ்பூனுக்குக் கை நீட்டினார். பிடுங்கிக்கொண்டேன்.

இரண்டாவது சாட்சி ஜெயக்கொடி. அவள் விவரமானவள். “மொத வாய்ல ஒண்ணும் தெரியலக்கா, சில்லுனு மட்டும் இருக்கு. கரையும்போது பழம் வருது. முழுங்கினப்புறம் பாரு, தொண்டையில சுருக்குனு ஏறுது! நடுவுல நடுவுல கொட்டை மாட்டுது. யாருக்கா கண்டுபிடிச்சான் இத? கைக்குத் தங்கக் காப்பு போடணும்.”

“யாரோ,” என்றேன்.

மீதி டப்பாவை அவளே காலி பண்ணினாள். நான் மூடியை மட்டும் முகர்ந்து பார்த்தேன். முகர்வதை யாரும் விடச் சொல்லவில்லையே.


மே 30, வெள்ளி

காலையில் அறிக்கை தயார் பண்ணி அனுப்பினேன். ‘நிறம் இளமஞ்சள். மணம் நன்று. முதலில் குளிர்ச்சியும் பின்னர் பழச்சுவையும் இறுதியில் மிளகுக் காரமும் முறையே அமைந்துள்ளன. பலாக்கொட்டை மொறுமொறுப்பாக உள்ளது. மொத்தத்தில் மிகவும் நன்றாக இருக்கிறது.’ படித்துப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. ஓர் எழுத்துப் பிழை கிடையாது.

நாலு மணிக்குப் பதில் வந்தது.

‘நல்லா இருக்குன்னு நீ என்னிக்கும்மா சொல்லியிருக்க? இது நீ சாப்பிட்டு எழுதினது இல்ல. பரவால்ல, விடு.’


மே 31, சனி

எழுத ஒன்றும் இல்லை. கொத்தவரங்காய் பொரியல் பண்ணினேன், எனக்கு மட்டும்.


ஜூன் 1, ஞாயிறு

தண்ணீர் மட்டம் இன்று முக்கால் மணி நேரம் பார்க்கப்பட்டது. இறங்கி வந்தபோது இவருக்குக் கண் சிவந்திருந்தது. வெயில் என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. யாத்திரைக்கு எங்களை அழைத்துப்போன ஐயருக்குப் போன் போட்டேன். எந்தப் பத்திரத்திலும் ஒரு சந்து இருக்கும், இதில் மட்டும் இல்லாமலா போகும்?

“சாமி, கயாவுல பழத்தை விட்டா, அந்தப் பழத்துல பண்ண ஐஸ்கிரீம் சாப்பிடலாமா?”

“அதுல நெஜப் பழம் இருக்கா, வெறும் எசன்ஸா?”

“முப்பத்தோரு பர்சன்ட் இருக்குது சாமி.”

“எசன்ஸ்னா கண்டுக்காம விட்டுடலாம். முப்பத்தொண்ணுன்னா பழம்தாம்மா.”

அவர் சொல்வதும் நியாயம்தான். முப்பத்தோரு சதவீதம் கையில் வைத்திருக்கிறவனைப் பங்காளி இல்லை என்று நானே எந்தப் பத்திரத்திலும் எழுத மாட்டேன். சுகா மேல்தான் கோபம் வந்தது. எசன்ஸ் ஊற்றிப் பண்ணித் தொலைத்திருக்கக் கூடாதா? ஆனால் அவள் ஊற்ற மாட்டாள். சின்ன வயசிலேயே கலர் சர்பத்தைத் தொட மாட்டாள்.


ஜூன் 3, செவ்வாய்

சாப்பாட்டில் சண்டை. “அவ கேட்டது ஒரே ஒரு வாய். சாப்பிட்டுத் தொலையேன்,” என்றார் இவர்.

“விட்டது விட்டதுதாங்க. உங்கள மாதிரி கொத்தவரங்காயா விட்டேன்?”

“நீ அன்னிக்குப் பழத்த மட்டுமா விட்ட?”

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன். இவர் காதில் விழவில்லை என்றுதான் ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, எழுதிவிடுகிறேன். இதில் பொய் எழுதி யாரை ஏமாற்றப்போகிறேன். ஐயர் என்னை அவசரப்படுத்தவில்லை. பின்னால் யாரும் தள்ளவும் இல்லை. அந்த மரத்தடியில் நிற்கும்போது, மண்டபக்காரன் முகமும், பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன சம்பந்தி முகமும், பதிவு ஆபீசில் என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தவர்கள் முகமும் வரிசையாக வந்தன. ‘பழத்துல பலா. அதத் தின்னு வளர்ந்த பொண்ணும் இனிமே எனக்கு இல்ல’ என்றேன். மாமனார் மாமியாருக்கும் என் அப்பாவுக்கும் பிண்டம் வைத்த கை ஈரம் காய்வதற்குள் சொன்னேன். பெற்றவள் சொல்கிற சொல்லா அது? அன்றைக்கு ராத்திரி தர்மசாலையில் எல்லோரும் சப்பாத்தி சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.

இதை அவளிடம் எப்படிச் சொல்வேன்? உன் ஐஸ்கிரீமை ஏன் சாப்பிடவில்லை என்றால், உன்னையும் சேர்த்து விட்டுவிட்டு வந்தேன், அதனால்தான் என்றா?

இப்போது ராத்திரி பதினொரு மணி. இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். வேறு யாராவது இந்தப் பத்திரத்தோடு என் மேசைக்கு வந்திருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் விட்டிருக்கிறீர்கள் அம்மா. பழத்தை விட்டதை அப்படியே வைத்துக்கொண்டு பெண்ணை மட்டும் திருப்பிக் கேட்டால் செல்லாது. ரத்து பண்ணினால் முழுசாக ரத்து பண்ண வேண்டும்.

அப்பாடா! எவ்வளவு சுலபம்! சாப்பிட்டால் ரத்து. நாளைக்கே சாப்பிடப்போகிறேன். பாவம் வந்தால் என் தலையோடு போகட்டும்.


ஜூன் 4, புதன்

ஐஸ்கிரீம் இல்லை!!

“நேத்தே தீந்துடுச்சு ஆன்ட்டி. பேர் சொல்லிக் கேட்டு வந்து வாங்கறாங்க. அடுத்த லோடு சனிக்கிழமைதான்,” என்கிறாள் ரெஜினா. பேர் சொல்லிக் கேட்கிறார்களாம்! சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அடுத்த நொடி விரலை மடக்கி நாள் எண்ணினேன். சனிக்கிழமை வந்து என்ன பிரயோஜனம்? மீட்டிங் வெள்ளிக்கிழமை. ராஜாஜி சாலையிலும் கும்பகோணம் சாலையிலும் இருக்கிற எல்லாக் கடையும் ஏறி இறங்கினேன். ஒன்றிலும் இல்லை.

“நாளைக்குக் கடலூர் போவலாம்,” என்றேன் இவரிடம்.

“வண்டிக்குக் காத்துப் புடிச்சு வெச்சிட்டேன்,” என்றார்.


ஜூன் 5, வியாழன்

ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். ஆபீசில் இன்றைக்கு எனக்கு இரண்டு கிரயம். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் இது முதல் தடவை. நெல்லிக்குப்பத்தில் இரண்டு கடை, இல்லை. கடலூரில் முதல் கடை, இல்லை. இரண்டாவதில் அப்படி ஒன்று வரவே இல்லை என்றார்கள். மூன்றாவதில் ஃப்ரீசரே ரிப்பேர். இவர் வண்டியை ஓட்டுகிற வேகத்தைப் பார்த்தால் டெப்போவில் ஐம்பது டிரைவர்களை லேட் என்று திட்டியவர் மாதிரியே இல்லை. “மெதுவா போங்க,” என்று நான் சொல்லவும் இல்லை.

நாலாவது கடையில் ஃப்ரீசரைத் திறந்தால் வனிலா, ஸ்ட்ராபெரி, பிஸ்தா. அடியில் கைவிட்டுத் துழாவினேன். கிடையாது. நிமிர்ந்தால் பில் போடுகிற இடத்தில், பச்சைப் புடவை கட்டிய ஓர் அம்மா நிற்கிறார், கூடையில் மஞ்சள் டப்பா. கடைசி டப்பா.

வெட்கத்தை எல்லாம் எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு ஓடினேன். “அம்மா, தப்பா நெனைக்காதீங்க. அத எனக்குக் குடுத்துடறீங்களா?”

“ஏங்க, நான் போன வாரமே சாப்பிட்டு, தேடி வந்து வாங்கறேன்.”

“என் பொண்ணு பண்ணதுங்க அது.”

சொல்லிவிட்டேன்! பில் போடுகிற பையன், பின்னால் நின்ற இரண்டு பேர், எல்லோர் முன்னாலும். பத்தொன்பது மாதமாக யார் கேட்டாலும் ‘வெளியூர்ல இருக்கா’ என்பதோடு நிறுத்திக்கொண்டவள் நான்.

“உங்க பொண்ணா? அப்ப நீங்க தெனமும் சாப்பிடலாமே!”

“இன்னும் ஒரு வாய்கூட சாப்பிடலீங்க.”

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெயர் ரமணியாம், ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்ன புரிந்துகொண்டாரோ, டப்பாவை என் கையில் வைத்தார். “எனக்கும் ரெண்டு ஸ்பூன் குடுத்துடணும், ஆமா,” என்றார்.

பண்ருட்டிக்குக் கொண்டுபோனால் பாயசமாகிவிடும். கடை வாசல் படியிலேயே மூன்று பேரும் உட்கார்ந்துவிட்டோம். கடைப் பையன் மரஸ்பூன் கொடுத்தான். மனசுக்குள் மாமனார் மாமியாரையும் அப்பாவையும் கூப்பிட்டு, ‘அன்னிக்குச் சொன்னத இன்னிக்கு ரத்து பண்றேன், ரெண்டையும்தான்’ என்று சொல்லிவிட்டு வாயில் வைத்தேன்.

ஜெயக்கொடி சொன்னது சரிதான், முதலில் சில்லென்று மட்டும் இருந்தது. அப்புறம் கரைந்து, பழம் வந்தது பாருங்கள்! கொழகொழவென்ற கூழன் பழம் இல்லை, நல்ல கெட்டிச் சுளை, சரியாகப் பழுத்த அன்றைக்கே அறுத்தது. வாசனை மூக்கு வரைக்கும் ஏறியது. அவள் ஆறு வயசில் சுளையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு முகமெல்லாம் பூசிக்கொள்வாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகா அழுகையா என்று தெரியவில்லை. இரண்டாவது வாய் வைத்தேன். மூன்றாவது வைத்தபோது பல்லில் ஒன்று தட்டுப்பட்டது.

போனை எடுத்தேன். செய்தி இல்லை, நேரே கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தாள்.

“ஏன்டி, பலாக்கொட்டையோட செவப்புத் தோல யாரு உரிப்பா? அப்படியே போட்டிருக்க. நாக்குல துவர்க்குது. மிளக மாவா அரைச்சு வெச்சிருக்க. ஒண்ணு ரெண்டா இடிச்சாத்தானே அங்கங்க கடிபடும்? உப்பும் ஒரு கல்லு கம்மி.”

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

“சாப்பிட்டியாம்மா?”

“பின்ன, பாத்துட்டா சொல்றேன்?”

“அம்மா, அது பலாப்பழம்மா.”

“தெரியும்டி.”

“நீயா சாப்பிட்ட? நெஜமா நீயா?” அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத குரல்.

சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது. “சுகா, கயாவுல நான் ஒண்ணு சொல்லிட்டேன். பழத்த மட்டும் விடல. கோவத்துல...”

“தெரியும்மா. அன்னிக்கே தெரியும். அப்பா அங்கிருந்தே போன் பண்ணி அழுதுட்டாரு.”

இவர் அவசரமாக எதிர்ச்சாரியில் இருக்கிற சைக்கிள் கடையைப் பார்க்க ஆரம்பித்தார். ரமணி அம்மா ஒன்றும் கேட்காதவர் மாதிரி டப்பாவை வாங்கிக்கொண்டார்.

“எல்லாம் தெரிஞ்சுமா பலாவுல பண்ண?”

“தெரிஞ்சதாலதாம்மா பண்ணேன். மாம்பழத்துல பண்ணியிருந்தா நீ சும்மா சாப்பிட்டிருப்ப.”

பத்திரத்தில் யாருக்கு எங்கே சந்து இருக்கிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன், இவள் ஆறு மாதம் உட்கார்ந்து பழத்தை அரைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். கடைக்கு வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“அம்மா, அழாதம்மா. மிளகு எவ்வளவு இடிக்கணும்? சொல்லு, எழுதிக்கறேன். நாளைக்கு மீட்டிங்ல சொல்லணும்.”

“எழுதினா விளங்காது. இடிச்சுக் காட்டணும்.”

“ஞாயித்துக்கிழமை வரட்டுமாம்மா?”

“உன் வீட்டுக்கு நீ கேட்டுக்கிட்டா வருவ?” என்றேன்.